ரினீவல் விலையைப் பார்த்து ஹோஸ்டிங் வாங்குங்கள்

பத்துப் பன்னிரண்டு பக்கம், கொஞ்சம் படங்கள், ஒரு தொடர்புப் படிவம், நாளுக்குச் சில நூறு பேர் வந்து போவார்கள். சின்ன இணையதளம் என்று நான் சொல்வது இதைத்தான். அதை இணையத்தில் வைக்க இடம் வாடகைக்குத் தருவதுதான் ஹோஸ்டிங். அப்படிச் சில தளங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். என் கட்டுரைத் தளம், தம்பி மனைவி நடத்தும் தையல் வகுப்பின் தளம், அப்புறம் நண்பர்கள் தலையில் கட்டிவிட்ட ஒன்றிரண்டு. "எந்த ஹோஸ்டிங் நல்லது?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தையல் வகுப்பின் தளம் முதலில் இருந்தது, எங்கே திரும்பினாலும் விளம்பரம் வரும் பெரிய நிறுவனம் ஒன்றில். பெயர் வேண்டாம், அந்த ரகத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் தளத்தை நிர்வகிக்கும் சிபேனல் திறந்தது, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு பொத்தானில் ஏறியது, முகவரியில் https வர வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாக வந்தது. இதில் எஸ்எஸ்எல்லுக்காக யாரையும் பாராட்டத் தேவையில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015இல் இருந்தே அந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. இன்றைக்கும் சாதாரணச் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்கும் இடம் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

விலைதான் விஷயம். கொட்டை எழுத்தில் போட்டிருந்த மாத விலை, மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும். அதற்கடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ரினீவல் விலை, அதாவது அந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது கட்ட வேண்டியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்பதெல்லாம் இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பொய் என்று சொல்ல முடியாது, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்தில் தளம் அங்கே நன்றாக வேர்விட்டிருக்கும், மின்னஞ்சலும் அங்கேயே இருக்கும், கிளம்ப யாருக்கும் தெம்பிருக்காது. அதை நம்பித்தான் அந்த முதல் விலையே.

அடுத்தது 'அன்லிமிடெட்'. ஒரு நாள் தம்பி மனைவி போன் செய்து, "அண்ணா, புது பேட்ச் போட்டோ ஏற மாட்டேங்குது" என்றாள். சிபேனலின் வலது ஓரத்தில் பார்த்தால், பயன்படுத்திய இடம் ஒரு ஜிபிகூட இல்லை. அதற்குக் கீழே ஃபைல் எண்ணிக்கை என்ற வரி மட்டும் சிவப்பாக, நூறு சதவீதத்தில் நின்றது. இதைத்தான் ஐனோட் வரம்பு என்பார்கள். ஒரு ஃபைல், ஒரு ஃபோல்டர், எதுவானாலும் ஒன்று. வேர்ட்பிரஸ் தன் பங்குக்குச் சில ஆயிரம் ஃபைல்களோடுதான் வரும், தயாரான பக்கங்களைச் சேமித்து வைக்கும் கூடுதல் நிரலான கேஷ் பிளக்இன் பக்கத்துக்குப் பக்கம் குட்டி போடும். எல்லாவற்றுக்கும் மேல், பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் சர்வரில் தனி ஃபைல். வருடக்கணக்கில் அழிக்காமல் விட்ட விளம்பர அஞ்சல்கள்தான் போட்டோவுக்கு வழிவிடாமல் நின்றன. இடத்துக்கு வரம்பில்லை என்று சொன்னவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தார்கள்.

இதே போல இன்னொரு எண், என்ட்ரி பிராசஸ். ஒரே நேரத்தில் எத்தனை பக்கக் கோரிக்கைகள் உங்கள் கணக்கில் ஓடலாம் என்பது. சேர்க்கை அறிவிப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டதும் எல்லோரும் ஒன்றாகத் திறக்க, தளத்துக்குப் பதிலாக 508 என்ற பிழை வந்தது. வரம்பு 20 என்றால் 20 பேருக்கு மேல் பார்க்க முடியாது என்று அர்த்தமில்லை. பக்கம் அரை நொடியில் தயாரானால் அந்த இடம் உடனே அடுத்தவருக்குப் போய்விடும். நாலு நொடி எடுக்கும் பக்கமாக இருந்தால்தான் நெரிசல். கேஷை ஒழுங்காக அமைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். சப்போர்ட்டில் அதைச் சொல்லாமல் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள்.

99.9 சதவீத அப்டைம், அதாவது அவ்வளவு நேரம் தளம் விழாமல் ஓடும் என்ற பெருமையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் தளம் விழுந்து கிடந்தாலும் வாக்குறுதி காப்பாற்றப்பட்டதாகிவிடும். தையல் வகுப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை, விடுங்கள்.

பேக்கப் பெரிய விஷயம். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி, ஒரு கட்டடம் முழுதாக எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு மீட்க எதுவும் மிஞ்சவில்லை. தினசரி பேக்கப் என்று ஹோஸ்டிங் பக்கத்தில் போட்டிருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வேறு இடத்தில் இருக்கிறதா, நானே இறக்கிக்கொள்ள முடியுமா, திருப்பிப் போடக் கட்டணம் உண்டா? எங்கள் பழைய இடத்தில் மூன்றாவதற்குப் பதில் "உண்டு".

இப்போது அந்தத் தளம் சின்ன நிறுவனம் ஒன்றில் இருக்கிறது. முதல் வருடமும் அடுத்த வருடமும் ஒரே விலை, மாதாமாதம் கட்டலாம். ஐனோட், மெமரி, என்ட்ரி பிராசஸ் எல்லாம் விலைப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாங்குவதற்கு முன் சோதனைக்காக அந்த எண்களையே சாட்டில் கேட்டேன். இணைப்பை அனுப்பிவிட்டு, "உங்கள் தளத்துக்குச் சின்ன பிளான் போதும்" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். குறையும் உண்டு. இரவில் சாட் கிடையாது, டிக்கெட் போட்டுவிட்டுக் காலை வரை காத்திருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலும் அவர்களே செய்தது, பழக நாளாகும்.

தளத்தின் முகவரிப் பெயரான டொமைனை மட்டும் இங்கேயும் வாங்கவில்லை. இலவச டொமைன் என்று ஹோஸ்டிங்காரர்கள் நீட்டுவார்கள், வாங்காதீர்கள். டொமைன் அதைப் பதிவு செய்து தரும் தனி ரிஜிஸ்ட்ராரிடம் இருந்தால், ஹோஸ்டிங் பிடிக்காத அன்று, பெயர் எந்த ஹோஸ்டிங்கைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றிவிட்டுக் கிளம்பலாம். இரண்டும் ஒரே கையில் இருந்தால் டொமைனை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான ஆத் கோட் வாங்குவதற்கே மல்லுக்கட்ட வேண்டிவரும்.

என் கட்டுரைத் தளத்துக்கு ஹோஸ்டிங் கட்டணமே இல்லை. வேர்ட்பிரஸை விட்டுவிட்டு வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, கிட்ஹப் தரும் இலவசச் சேவையான கிட்ஹப் பேஜஸில் போட்டிருக்கிறேன். தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் போக்குவரத்து 100 ஜிபி வரை. எழுத்துக்கு இது ஏராளம். சர்வரில் ஓடும் பிஎச்பி நிரலும் இல்லை, டேட்டாபேஸும் இல்லை என்பதால் அப்டேட் போடாத பிளக்இன் வழியாக யாரும் நுழைந்துவிடுவார்கள் என்ற கவலையும் இல்லை. கடை நடத்த அங்கே அனுமதி இல்லை, தொடர்புப் படிவத்துக்கும் வெளிச் சேவை ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஃபைல் மாற்றங்களைப் பதிந்து அனுப்பும் கிட் என்ற கருவி பழகாதவருக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். தம்பி மனைவியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "போட்டோ போட நான் கோடு எழுதணுமா?" என்றாள். அவளுக்கு வேர்ட்பிரஸ்தான் சரி.