ஏழு வருடம், ஆறு டீசல் ஃபில்டர்: பிக்கப்புக்கு நானே மாற்றிய அனுபவம்

என் டீசல் பிக்கப் இப்போது 1,46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டீசல் ஃபில்டரை 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. முதல் மாற்றம் சர்வீஸில் நடந்தது. இரண்டாவதும் நடந்ததாகத்தான் பில் சொன்னது, ஆனால் வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் மேல் படிந்திருந்த தூசி கூடக் கலையவில்லை. சண்டைக்குப் போக மனமில்லை, சரி நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கியதுதான். அன்றிலிருந்து ஆறு முறை மாற்றிவிட்டேன். முதல் முறை இரண்டரை மணி நேரம் ஆனது, இப்போது அரை மணி நேரத்துக்குள் கை கழுவிவிடுகிறேன்.

என்னுடையது கையால் திருகி மாட்டும் டப்பா மாதிரியான ஃபில்டர், அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும் கிண்ணம், அதில் ஒரு சென்சார், மேலே, லைனில் உள்ள காற்றை வெளியேற்றி டீசலை நிரப்பக் கையால் அழுத்தும் பிரைமிங் பம்ப். கழற்றுவதும் மாட்டுவதும் பெரிய வித்தையே இல்லை. சுத்தமும், காற்றை வெளியேற்றுவதும்தான் மொத்த வேலையும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஃபில்டர் செலவானது.

முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன். மாட்டி முடித்தேன், வண்டி ஸ்டார்ட் ஆனது, சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வந்து படுத்தேன். காலையில் செல்ஃப் அடிக்கிறேன், அடிக்கிறேன், பிடிக்கவே இல்லை. பம்பை அழுத்தி அழுத்தி உயிர் கொடுத்த பிறகு கிளம்பியது, மறுநாளும் அதே கதை. எங்காவது டீசல் ஒழுகுகிறதா என்று டிஷ்யூ பேப்பரால் சுற்றிச் சுற்றித் துடைத்துப் பார்த்தேன், துளி ஈரமில்லை. மூன்றாம் நாள் கழற்றியபோதுதான் தெரிந்தது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம், ஃபில்டரைத் திருகி மாட்டும் மேல் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, அதன் மேலேயே புதியதைத் திருகியிருக்கிறேன். இந்தப் பக்கம் டீசல் அழுத்தத்தில் வருவதில்லை, என்ஜின் உறிஞ்சித்தான் இழுக்கிறது. அதனால் இங்கே சின்ன இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இரவு முழுக்க நிற்கும்போது லைனில் இருந்த டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். இப்போதெல்லாம் பழைய ஃபில்டரைக் கழற்றியதும் முதலில் அந்த வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்க்கிறேன், வேறெதையும் அப்புறம்தான் பார்ப்பேன்.

இரண்டாம் முறை வேறு ஒரு முட்டாள்தனம். பம்பை நூறு தடவை அழுத்தச் சோம்பல்பட்டு, புது ஃபில்டரின் நடுத் துளை வழியாக டீசலை ஊற்றி நிரப்பி மாட்டினேன். இந்த வகை ஃபில்டரில் டீசல் பொதுவாகச் சுற்றியுள்ள சிறு துளைகளில் நுழைந்து, வடிந்து, நடுத் துளை வழியாக என்ஜினுக்குப் போகிறது. அதாவது நான் கேனில் கொண்டுவந்த வடிகட்டாத டீசலை நேராக, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கமே ஊற்றியிருக்கிறேன். என்னுடையது மாதிரி காமன் ரெயில் என்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட 1,600 மடங்கு, உள்ளே இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும் தேய்த்துவிட. மறுநாள் ஞாபகம் வந்ததும் அந்த ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதற்குள் போனது போனதுதான், ஏதோ அதிர்ஷ்டம், இன்ஜெக்டர்கள் இன்றுவரை ஒழுங்காக இருக்கின்றன. அதற்குப் பிறகு ஊற்றுவதே இல்லை, பம்ப் கல் மாதிரி இறுகும்வரை கையாலேயே அழுத்துகிறேன்.

இதே காரணத்தால்தான் கழற்றும் முன் சுற்றிலும் பிரஷ் போட்டுத் துடைத்துவிட வேண்டும், அதுவும் நூல் உதிர்க்கும் வேஸ்ட் காட்டனால் வேண்டாம். கீழே ஆல்டர்னேட்டரோ ரப்பர் ஹோஸோ இருந்தால் பிளாஸ்டிக் கவரால் மூடிவிடுங்கள், டீசல் அவற்றுக்கு ஆகாது. மாட்டும்போது ரப்பர் வளையத்தில் கொஞ்சம் சுத்தமான டீசலைத் தடவி, வளையம் தொட்டதும் அரை முதல் முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஃபில்டர் மேலேயே எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை அழப்போவது நாம்தான். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரே மூச்சில் செல்ஃப் அடிக்காதீர்கள், பத்து விநாடி அடித்து ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள், நடுவில் மறுபடியும் பம்ப். பழைய என்ஜின் பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வேலை மட்டும் காமன் ரெயிலில் வேண்டவே வேண்டாம், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நான்காவது முறை விலை குறைவாக ஒரு ஃபில்டர் கிடைத்தது, பெயர் வேண்டாம். 9,000 கி.மீ.தான் தாங்கியது. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது பிக்கப்புக்கே பிக்கப் போய்விட்டது, சமதரையில் ஒன்றும் தெரியாது, மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். அதைக் கழற்றி, டீசல் முழுக்க வடியவிட்டு, தீப்பொறி வராமல் கை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பழைய ஒரிஜினலையும் ஒரு ஆசைக்கு அறுத்தேன். கறுத்திருந்தாலும் மடிப்பு மடிப்பாக அப்படியே நின்றது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறேன், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பாதி டேங்கோடு நாட்கணக்கில் நிறுத்தி வைத்த சமயங்களில்தான் அதிகம் வந்தது. எனக்கு இன்னும் பிடிக்காத ஒரே விஷயம் அந்தத் தண்ணீர் சென்சார். பழைய ஃபில்டரிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக், ஒருமுறை கொஞ்சம் அதிகம் திருகி விரிசல் விட்டுவிட்டேன். இப்போது கையால் மட்டும்தான், அதற்கும் தனியாக ஒரு ஓ-ரிங் (சின்ன ரப்பர் வளையம்) உண்டு, அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது 1,49,000 கி.மீ.யில், ஃபில்டரும் இரண்டு ஓ-ரிங்கும் ஏற்கெனவே டேஷ்போர்டுக்குள் கிடக்கின்றன.