இல்லம் தேடிக் கல்வி: இரண்டு பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் அனுபவம்

என் இரு பிள்ளைகளும் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி மையத்துக்குப் போய்வந்ததை வைத்துச் சொல்வதானால், தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்த இந்த மாலை நேர வகுப்பு தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பிடிபட நன்றாகவே உதவியது. ஏழாம் வகுப்பை எட்டிய பிள்ளைக்குப் பாடத்தில் அது தந்த பலன் குறைவு. ஆனால் பாடத்துக்கு வெளியே அது தந்ததை எந்த டியூஷனும் தராது என்பது என் கருத்து.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள்கள் முன்னதாக, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களில் எங்கள் தஞ்சாவூரும் ஒன்று. பிளஸ் டூ முடித்தவர் தொடக்க வகுப்புகளுக்கும், பட்டம் பெற்றவர் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கும் தன்னார்வலராகலாம் என்றார்கள். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய் என்பது அப்போதைய ஏற்பாடு. கலைக்குழுவினர் தெருவில் ஆடிப் பாடி விளக்கியபோது கூட, இலவசமாகச் சொல்லித்தருவதில் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் எங்கள் தெருவில் பலரும் பேசிக்கொண்டார்கள்.

அப்போது என் மகன் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளி மூடிவிட்டதால் அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வரவில்லை. துணைக்காலை 'ர' என்று வாசிப்பான், கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று தடுமாறுவான். இடையில் அனுப்பிய டியூஷனில் கைடைப் பார்த்துப் பக்கம் பக்கமாக அழகாக எழுதிக்கொண்டு வந்தான். எழுதியதில் ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் விழிப்பான். பள்ளியில் மூன்றாம் வகுப்பு என்பதால் மூன்றாம் வகுப்புப் பாடத்தையே அங்கே நடத்தினார்கள். அவனுக்குத் தெரியாமலிருந்ததோ முதல் வகுப்புப் பாடம்.

மையத்தில் முதல் வாரமே இது மாறியது. கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, எந்த வகுப்பு என்று பார்க்காமல், வாசிக்கத் தெரிந்தவர்கள், எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், அதுவும் தெரியாதவர்கள் என்று பிரித்து உட்காரவைத்தார் தன்னார்வலர். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மகனோடு ஒரே வட்டத்தில் இருந்தான். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. (பின்னர் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பள்ளியிலேயே நிலைவாரியாகப் பிரித்ததைப் பார்த்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.)

கழித்தல் கணக்கு நடந்த விதத்தை ஒரு மாலை அருகிலிருந்தே பார்த்தேன். 52-இல் 37 போனால் 25 என்று எழுதியிருந்தான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலே இருந்த 2-ஐ 7-இலிருந்து கழித்திருக்கிறான். தன்னார்வலர் அதைத் தப்பு என்று கோடிட்டு அடிக்கவில்லை. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எடுத்துவைத்து, "இதிலிருந்து ஏழு குச்சி குடு" என்றார். இரண்டைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விழித்தவன், தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தான். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளியில் 40 பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இப்படி ஒருவனுக்காகக் காத்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

ஆனாலும், அவன் தேறியதற்கு மையம்தான் காரணம் என்று முழுப் பெருமையையும் அதற்கே கொடுத்துவிட மாட்டேன். பொருளியல் ஆய்வாளர்களான அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள், மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டார்கள். எங்கள் வீட்டுக் கணக்கும் ஏறக்குறைய அதேதான். பள்ளி திறந்ததே பெரிய மருந்து. ஆனால் மாதம் 1,000 ரூபாய் பெறும் ஒருவரின் ஒரு மணி நேர உழைப்புக்கு நாலில் ஒரு பங்கு என்பது சாதாரண விஷயமில்லை.

குறைகளும் உண்டு. தன்னார்வலர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போய்விட்டால் மையம் அப்படியே நின்றுவிடும். மகனுடைய தன்னார்வலர் கல்யாணமாகி வெளியூர் போனபின் வேறொருவர் கிடைக்கும்வரை, மாலையில் தெருவில் மறுபடி கோலிதான். அந்தத் தொகையில் யாரையும் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கவும் முடியாது.

மகளின் அனுபவம் வேறு மாதிரி. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவளுக்கு அறிவியலும் ஆங்கில வாசிப்பும் ஓரளவு தேறின. ஏழாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு அந்த நேரம் போதவில்லை. மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே வட்டத்தில் இருக்க, ஒரு கணக்கை முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கணிதத்துக்காக மட்டும் இந்த வயதில் அனுப்புவதானால், நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஆனால் அவளுக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பி.எஸ்சி. பட்டதாரி. கல்லூரி முடித்த பெண் ஒருவரோடு என் மகள் தினமும் பேசிப் பழகியது அதுவே முதல்முறை. விடுதி எப்படி இருக்கும், பேருந்துக்கு என்ன செலவாகும், பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுத்தால் எதற்குப் போகலாம் என்று அக்காவிடம் கேட்டதையெல்லாம் எங்களிடம் கேட்டிருக்கவே மாட்டாள். கேட்டிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு, தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்று எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். மகள் மாலை வகுப்பை நிறுத்தியபின்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அந்தத் தேர்வுக்கான மனத்திறன் கேள்விகளைப் போட்டுப் பார்த்தாள். அது எந்த வருகைப் பதிவிலும் ஏறாத வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதை அவர் எடுத்துச் சொன்னபிறகே, அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பேச்சை வீட்டில் விட்டோம்.

எனவே மாலை நேர மையம் எதில் பிள்ளையைச் சேர்ப்பதானாலும், அரசுடையதோ தொண்டு நிறுவனத்துடையதோ, இரண்டு மாலை அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முதலில் வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்களா, வீட்டுப்பாடத்தை முடித்துத் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். பெரிய பெண்பிள்ளையானால், சொல்லித்தருபவர் எங்கே படித்தார், எந்த ஊர்க்காரர், இன்னும் எத்தனை காலம் ஊரில் இருப்பார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.