ஒரு பெரிய யூ.பி.எஸ்ஸா, இரண்டு சின்னதா?

எங்கள் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறது. அங்குள்ள சேர்வர் அறைக்கு 20 கே.வி.ஏ. (கொள்ளளவின் அலகு) யூ.பி.எஸ், அதாவது கரண்ட் போனால் சில நிமிடம் பற்றரியால் தாங்கும் பெட்டி, ஒன்றை வாங்குவதா, 10 கே.வி.ஏ.வில் இரண்டை வாங்குவதா என்ற கேள்வி வந்தபோது நான் இரண்டு என்ற பக்கம் நின்றேன். சுமை, அதாவது சேர்வர்கள் இழுக்கும் மின்சாரம், ஏறத்தாழ 7 கிலோவாட். "ஒரே வேலைக்கு ரெண்டு பெட்டியா தம்பி?" என்று கணக்குப் பிரிவு அக்கா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சொன்ன பதிலில் பாதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையங்களில் நடந்தவற்றிலிருந்து எடுத்தது. சாதாரண அலுவலகத்தில் யூ.பி.எஸ் படுத்தால் யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு நாட்டின் வான்வெளி மூடினால் அமைச்சரே வந்து காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நமக்கும் படிக்க ஏதாவது கிடைக்கும்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஒற்றைப் பெட்டி மலிவு, இடம் குறைவு, ஒரு சேர்விஸ் ஒப்பந்தம் போதும். இரண்டு என்றால் விலையும் பற்றரிச் செலவும் கூடும், அறைக்குள் வெப்பமும் கொஞ்சம் கூடும். ஜெனரேட்டர் இரண்டுக்குமே வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தை எந்தப் பற்றரியாலும் கடந்திருக்க முடியாது. (அப்போது டீசலுக்கும் வரிசையில்தான் நின்றோம் என்பது வேறு கதை.) யூ.பி.எஸ்ஸின் வேலை சில நிமிடங்கள்தான். விமான நிலையங்களிலும் அப்படித்தான். மாற்று மின்சாரம் எவ்வளவு விரைவாக வர வேண்டும் என்பதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஓடுபாதையின் ஓர விளக்குகளுக்கு 15 விநாடி. பார்வைத் தூரம் மிகக் குறைந்த நேரத்தில் நடுக்கோட்டு விளக்குகளுக்கு 1 விநாடி. 15 விநாடிக்குள் டீசல் எஞ்சின் எழும்பிவிடும், ஒரு விநாடிக்குள் எழும்பாது. ரேடார் திரைக்குப் பின்னாலுள்ள கணினிகளோ அந்த ஒரு விநாடியைக்கூடத் தாங்காது. எங்கள் சேர்வர்களும் அதே சாதிதான்.

என் முடிவைத் தீர்மானித்தது விலையும் அல்ல, எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் அல்ல. பெட்டியைத் திறந்து வேலை செய்யும் நாளில் சுமை எதில் ஓடும் என்பதுதான்.

யூ.பி.எஸ் என்றால் திறந்துதான் ஆக வேண்டும். சீல் செய்த ஈயப் பற்றரிக்குப் போட்டிருக்கும் ஆயுள் 20, 25 பாகை வெப்பநிலைக்கானது. அதற்கு மேல் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இரவில் ஏசியை நிறுத்திவிடும் கொழும்பு அலுவலகத்தில் அந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கும். பற்றரி மாற்ற வேண்டும், உள்ளே ஃபேன் மாற்ற வேண்டும், சில வருடத்தில் கப்பாசிட்டர்கள். ஒற்றைப் பெட்டியில் இந்த வேலைகளைச் செய்ய அதை பைபாஸில் போடுவார்கள். அதாவது யூ.பி.எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வெளி மின்சாரம் நேராகச் சேர்வருக்குப் போகும். பற்றரி மட்டும் மாற்றுவதென்றால் பல மொடல்களில் பைபாஸ் தேவையில்லை. ஆனால் பற்றரி கழன்றிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் கரண்ட் போனால் எல்லாமே படுத்துவிடும்.

2023 ஜனவரி 1 அன்று மணிலாவில் இந்த நேரடி இணைப்புதான் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. விமானக் கட்டுப்பாட்டு முறைமைக்கான யூ.பி.எஸ் பழுதானது. வெளி மின்சாரத்தைக் கைமுறையாக நேரடியாக இணைத்தார்கள். 220 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 380 வோல்ட் வந்து கருவிகளையும் தாக்கியது என்று அந்நாட்டுப் போக்குவரத்துச் செயலாளர் விளக்கினார். ஏறத்தாழ 300 விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. 220ஐ 1.732ஆல் பெருக்கினால் 381 வரும்; மூன்று பேஸ் இணைப்பில் இரண்டு பேஸுக்கு இடையிலுள்ள அளவு அது. எங்கோ நியூட்ரலில் (மின்சாரம் திரும்பிப் போகும் வயரில்) குழப்பம் என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான். இங்கே நமக்கு 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையில் 400. பழைய கட்டடத்தில் நியூட்ரல் தளர்ந்தால் 230 வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகம் வரலாம் என்று எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் சொல்வார். அப்படியொரு இணைப்பில், ஒரு தொழில்நுட்பவியலாளர் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கச் சேர்வர்களை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு பெட்டி இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. எங்கள் சேர்வர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பவர் சப்ளை உண்டு. ஒரு வயர் ஏ என்ற பெட்டியின் பக்கம், மற்றது பி என்ற பெட்டியின் பக்கம். ஏ பெட்டியை முழுதாக அணைத்து, கழற்றி, மாற்றி, சோதித்த பிறகே திரும்ப இணைக்கலாம். அதுவரை சேர்வர்கள் பி-யின் சுத்தமான மின்சாரத்தில் ஓடும். ஞாயிறு இரவு வரை காத்திராமல் வேலை நாளில் பகலிலேயே செய்ய முடிகிறது. அதனால்தான் தள்ளிப்போடாமலும் செய்கிறோம். சோதனைக்கும் இது பொருந்தும். 2015 மே 27 அன்று பெல்ஜியத்தின் வான்வெளி மூடப்பட்டதற்குக் காரணம், மாற்று மின்சாரத்தைச் சோதிக்கும்போது ஏற்பட்ட மிகை மின்னழுத்தம். காப்பாற்ற வைத்ததைச் சோதித்தபோதே விழுந்தது. பாதை இரண்டாக இருந்தால் சோதனையின் விபரீதம் ஒரு பக்கத்தோடு நின்றுவிட வாய்ப்புண்டு.

வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு என்று பெயர் இருந்தால் போதாது. அட்லாண்டா விமான நிலையத்தில் 2017 டிசம்பர் 17இல் நிலத்தடியில் தீப்பிடித்தபோது பிரதான வழியும் மாற்று வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஏறத்தாழ 11 மணி நேரம் இருள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விற்பனையாளர்கள் "பேரலல்" என்று ஒன்றைச் சொல்வார்கள்: இரண்டு பெட்டி, ஆனால் சேர்வர்களுக்கு மின்சாரம் போகும் வெளிவழி ஒன்று. பெட்டி பழுதானால் அது காப்பாற்றும், வெளிவழியில் ஷோர்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து விழும். எங்களுடையதும் முழுச் சுத்தமில்லை. கட்டடத்துக்கு ஜெனரேட்டர் ஒன்று, கீழிருந்து வரும் கேபிள் பாதையும் ஒன்று. பிரிவு நாலாம் மாடியில்தான் தொடங்குகிறது.

சுமை 2 கிலோவாட்டுக்குள் என்றால், அல்லது கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை வயர்தான் என்றால், நல்ல பெட்டி ஒன்றை வாங்கி மீதிப் பணத்தை ஏசிக்குப் போடுங்கள். இரண்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மொத்தச் சுமையை ஒரே பெட்டி தூக்க வேண்டும். இரண்டிலும் 60 வீதம் ஏற்றிவிட்டால், ஒன்று நிற்கும்போது மற்றதால் 120 வீதத்தைத் தாங்க முடியாது. புதுச் சேர்வர் வாங்கும் ஆட்கள் இதைக் கேட்பதே இல்லை. நான் இதைப் பெட்டிகளின் மேல் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். உண்மையில் ஒரு பெட்டி திடீரென்று செத்துப்போன அனுபவம் எங்களுக்கு இன்னும் வரவில்லை, அதனால் அந்த நேரத்தில் எல்லாம் சரியாக நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். லித்தியம் பற்றரியோடு ஒப்பிடவும் என்னிடம் அனுபவம் இல்லை. இரண்டிலும் இருப்பது ஈயம்தான்.

ஒற்றை வயர் உள்ள பழைய நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று மட்டும் இன்னும் பி பக்கத்தில் தொங்குகிறது. ஒரு பக்கம் நின்றால் தானாகவே மறுபக்கத்துக்கு மாற்றும் தானியங்கி மாற்றுச் சுவிட்ச் ஒன்றை அதற்குப் போடலாம், விலையும் கேட்டிருக்கிறோம். அதுவரை பி-க்குச் சேர்விஸ் வரும் நாளில் மூன்றாம் மாடித் தொலைபேசிகள் வேலை செய்யாது என்று முதல் நாளே அறிவித்துவிடுகிறோம்.