புஷ் மட்டும் போதுமா, லோயர் ஆர்மையே மாற்றிவிடலாமா?

சென்னையில் ஆற்காடு சாலையிலோ மாதவரம் பக்கமோ மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் தினமும் ஓடும் காரில், முன்பக்கம் சத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வண்டியைத் தூக்கிப் பார்க்கும் மெக்கானிக், "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு சார்" என்பார். முன் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம்; அது அடிச்சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர்தான் புஷ். அப்புறம்தான் குழப்பம். பழைய ஆர்மிலேயே புது புஷ்ஷை அடித்துப் போடுவதா, சக்கரப் பக்க முனையில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டோடு சேர்ந்து வரும் முழு ஆர்மை வாங்குவதா? 70,000 கிலோமீட்டர் தாண்டிய என் ஸ்விஃப்டுக்கு இரண்டு பக்கமும் முழு ஆர்ம் போட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில், போனது புஷ்தானா என்று தெரிய வேண்டும். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது லொடலொடவென்று கேட்டால் பெரும்பாலும் சஸ்பென்ஷனின் சின்ன இணைப்புக் கம்பியான லிங்க் ராட், செலவும் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பர் மேலே இருக்கும் மவுண்டைப் பார்க்க வேண்டும். முழுக்க ஒடித்து நகரும்போது கடகடவென்றால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான ஆக்ஸில் ஜாயிண்ட். 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

புஷ் போன வண்டி வேறு மாதிரி பேசும். பிரேக் பிடிக்கும்போது ஒற்றையாக ஒரு 'டொக்'. விட்டதும் இன்னொன்று. கூடவே வண்டி லேசாக ஒரு பக்கம் ஒதுங்கும். பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னால் போகப் பார்க்கும்; அதைப் பிடித்து வைப்பது ஆர்மின் பின் புஷ். அதன் ரப்பர் கிழிந்திருந்தால் ஆர்மே நகர்ந்துவிடும், சக்கரத்தின் கோணமும் மாறும். அலைன்மென்ட் பார்த்து வந்த கொஞ்ச நாளிலேயே டயர் ஓரம் தேய்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம். ஜாக்கியில் தூக்கி, ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் அடிச்சட்டமான கிராஸ் மெம்பருக்கும் நடுவே கம்பி கொடுத்து நெம்பச் சொல்லுங்கள். வெடிப்பு நன்றாகவே வாயைத் திறந்து காட்டும்.

சக்கரத்தையும் ஆட்டிப் பாருங்கள். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டுகளான டை ராட் எண்டோ ரேக் எண்டோ. மேலும் கீழுமாகப் பிடித்து ஆடினால் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புஷ் மட்டும் மாற்றுவதற்கு இருக்கும் நியாயம் பணம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. என் வண்டிக்கு விசாரித்தபோது முழு ஆர்மின் விலை, அதன் இரண்டு புஷ்ஷுக்குமான விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. நல்ல ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறையில், பின் புஷ்ஷின் கோணம் மாறாமல் ஏற்றினால் அது ஒழுங்கான வேலையே. அந்தக் கோணத்தை எத்தனை பேர் மார்க் செய்து வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பல ஷெட்டுகளில் பிரஸ் கிடையாது. வைஸில் பிடித்து, பெரிய சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் இறக்குவார்கள்.

நான் முழு ஆர்ம் பக்கம் போனதற்குக் காரணம் புஷ் அல்ல, பால் ஜாயிண்ட். புஷ் மாற்ற ஆர்மை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க, பால் ஜாயிண்டின் தண்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து கழற்ற வேண்டும். இந்த ஊரில் ஒவ்வொரு மழைக்கும் முட்டளவு தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் அந்தத் தண்டு துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். போல்ட்டை எடுத்த பிறகும் வராது. நக்கிளின் பிளவில் உளியை அடித்து விரித்து, மேலே கம்பி கொடுத்து இரண்டு பேர் நெம்புவார்கள். அந்த நெம்பலில் பால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிய நிறைய வாய்ப்பு உண்டு. விரல் நகம் அளவு கிழிசல் போதும். கிரீஸ் வெளியே வரும், தண்ணீரும் மணலும் உள்ளே போகும். அதுவரை நன்றாக இருந்த ஜாயிண்ட் சில மாதங்களில் ஆடத் தொடங்கும். என் வண்டியின் ஆர்மில் பால் ஜாயிண்டைத் தனியாகக் கழற்றி மாட்ட வழியில்லை. அது போனால் அதே ஆர்மை மறுபடி இறக்க வேண்டும்: மறுபடி கூலி, மறுபடி அலைன்மென்ட், போன வருடம் போட்ட புது புஷ்ஷும் ஆர்மோடு குப்பைக்கு. புஷ்ஷில் மிச்சம் பிடித்தது இந்த இரண்டாவது இறக்கலில் கரைந்துவிடும். பூட் கிழியாவிட்டாலும் ஜாயிண்டின் வயதும் புஷ்ஷின் வயதும் ஒன்றுதானே.

பால் ஜாயிண்ட் தனியாக போல்ட் போட்டு வரும் வண்டி என்றால் இந்த வாதத்தில் பாதி நிற்காது. அதில் எனக்கு அனுபவம் குறைவு. 40,000 கிலோமீட்டருக்குள் புஷ் போன வண்டிக்கும் முழு ஆர்ம் போடு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போட்டவர்கள் ஸ்டியரிங் கச்சிதமாக இருக்கிறது, அதிர்வு மட்டும் கொஞ்சம் கூடுதல் என்கிறார்கள். நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். கதவுக்கும் கண்ணாடிக்கும் அங்கே போகலாம், ஆர்முக்கு வேண்டாம். விபத்தில் லேசாக வளைந்த ஆர்ம் பார்வைக்குத் தெரியாது, ரப்பரின் வயதும் யாருக்கும் தெரியாது. ஜிபி ரோட்டில் புதிதாகவே வாங்கலாம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களுக்குப் பேர்போன ரானே நம்ம ஊர்க் கம்பெனிதான். கடைக்குப் போகும்போது ஆர்சியின் போட்டோவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் உள்ள வண்டிக்கே வருடத்தைப் பொறுத்து ஆர்ம் மாறும்.

எதைப் போட்டாலும் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை போல்ட் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலே கீழே போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், பிழிந்த துணி மாதிரி ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரமே கிழியும். எனக்கு வேலை செய்த மெக்கானிக் தொங்கலிலேயே இறுக்கப் போனார். நிறுத்தச் சொன்னதற்கு, "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுறேன்" என்றார். அப்புறம் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டியின் எடை அதில் இறங்கும் அளவுக்குத் தூக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. கூடுதலாக ஆனது பத்து நிமிஷம்கூட இருக்காது. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் அடுத்த பக்கத்துக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.