நேர்சிங் ஹோமா, சின்ன இல்லமா, வீட்டோடு ஆளா? கொழும்பில் அம்மாவுக்காக நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவை

அம்மாவின் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேசை. அதில் மூடி போட்ட கோப்பையில் தண்ணீர். விடியப் போனாலும் நிரம்பியிருக்கும், பின்னேரம் போனாலும் நிரம்பியிருக்கும். கால்மாட்டில் தொங்கிய தாளில் மட்டும் அன்றைக்கு 1500 மில்லிலீற்றர் குடித்ததாக எழுதியிருந்தது. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது மூளையின் வலப்பக்கத்தில். இடக்கையும் இடக்காலும் விழுந்ததோடு, இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிற நினைப்பே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு "முடிஞ்சுது" என்பார். அந்த மேசையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தேன். அம்மா கையை நீட்டி எடுத்து, ஒரே மூச்சில் குடித்தார்.

அந்தப் பெரிய நேர்சிங் ஹோமில் லிப்ட் இருந்தது, ஜெனரேட்டர் இருந்தது, வெள்ளை உடுப்பில் நேர்ஸ்மார் இருந்தார்கள். மேசை மட்டும் பிழையான பக்கத்தில் இருந்தது.

ஒன்றரை வருடத்தில் மூன்று முறைகளையும் பார்த்துவிட்டோம். முதலில் வெள்ளவத்தை பிளாட்டிலேயே ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். பிறகு நாற்பதுக்கு மேல் கட்டில் உள்ள ஒரு நேர்சிங் ஹோம். இப்போது நுகேகொடைப் பக்கம், ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் தன் வீட்டிலேயே எட்டுப் பேரை வைத்துப் பார்க்கும் சின்ன இல்லம். ரொறன்ரோவிலிருந்து அண்ணா கேட்பது ஒரே கேள்விதான்: "எது நல்லம்?" யாருக்கு நல்லம் என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. எங்கள் ஊரில் நேர்சிங் ஹோம் என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியும் அதுதான், வயது போனவர்களை வைத்துப் பார்க்கும் இடமும் அதுதான். சட்டம் இரண்டையும் வெவ்வேறாகப் பார்க்கிறது. மருத்துவ நிறுவனம் என்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். முதியோர் இல்லம் என்றால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். ஆகவே "நீங்கள் எதில் பதிந்திருக்கிறீர்கள்? சான்றிதழைக் காட்டுவீர்களா?" என்று வாசலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பதிவு இல்லாத இடத்தில் ஊசி போடுகிறார்கள், மூக்கால் ரியூப் விடுகிறார்கள் என்றால் நான் அம்மாவை அங்கே விடமாட்டேன்.

வீட்டோடு ஆள் வைப்பதில் இருக்கிற சுகம் வேறெதிலும் இல்லை. அம்மாவுக்குத் தன் கட்டில், தன் சாமிப்படம், காலையில் இடியப்பமும் சொதியும், பின்னேரம் காலி வீதி பஸ் சத்தம். எங்களுக்கு வந்த பிள்ளை ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, தமிழ் பேசினாள், அம்மாவை "பாட்டி" என்று கூப்பிட்டாள், நல்ல மனசு. ஆனால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கும் அவள் ஒருத்தி. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும். இரவில் மட்டும் நாலு தரம் எழும்ப வேண்டும். எந்த மனிசியால் அதை மாதக்கணக்கில் செய்ய முடியும்? மூன்றாம் மாதம் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏஜென்சி அனுப்பிய அடுத்த ஆள், பாரிசவாதக்காரரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றத் தெரியாமல், விழுந்துபோன கையைப் பிடித்துத் தூக்கினார். தோள்மூட்டு நழுவுவது அப்படித்தான். அம்மா அலறிய சத்தம் கீழ் மாடிக்குக் கேட்டது. வீட்டில் ஆள் வைப்பதாக இருந்தால், ஏஜென்சி சொல்வதை விட்டுவிட்டு, தூக்கி இருத்தும் விதத்தை உங்கள் கண் முன்னே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய நேர்சிங் ஹோம். அங்கே நடந்தவற்றில் என்னை அதிகம் வருத்தியது தண்ணீர்க் கோப்பை அல்ல, ஒரு சொல். அம்மா யாழ்ப்பாணத்து மனிசி. கக்கூசுக்குப் போக வேண்டும் என்றால் "வெளிக்குப் போகோணும்" என்பார். நாற்பது வருடம் கொழும்பில் இருந்து சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் நன்றாகவே பேசியவர், நினைவு மங்கத் தொடங்கியதும் அதைத்தான் முதலில் தொலைத்தார். மறதி வருத்தத்தில் பிந்திப் படித்த பாஷை முந்திப் போவது அடிக்கடி நடக்கும். இரவுப் பணியில் நின்ற பிள்ளைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். வெளியே போக வேண்டும் என்று அம்மா அடம்பிடிப்பதாக அவள் விளங்கிக்கொண்டாள். "நாளைக்குப் போகலாம் அம்மே" என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறாள். அடக்க முடியாமல் அம்மா கத்த, தாளில் "இரவில் குழப்பம், வெளியே போக முயல்கிறார்" என்று பதிந்தார்கள். இரண்டு நாளில் இரவு மாத்திரை ஒன்று கூடியது. காலையில் போனால் அம்மா பத்து மணிக்கும் தூங்கி வழிந்துகொண்டிருந்தார், பம்பர்ஸ் நனைந்திருந்தது.

அந்த மாத்திரை விஷயத்தை எவரும் லேசாக எடுக்கக்கூடாது. மறதி வருத்தம் உள்ள முதியவர்களை அடக்கி வைக்க மனநோய் மருந்துகள் கொடுப்பது சாவின் அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலேயே எச்சரித்தது. புது மாத்திரை ஒன்றைக் கண்டால் பெயரை எழுதி எடுங்கள். எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். நான் கேட்டபோது, வருகை தரும் டொக்டர் அடுத்த கிழமைதான் வருவார் என்றார்கள்.

ஆனால் அந்த இடம் எல்லாருக்கும் கூடாது என்று சொன்னால் அது அநியாயம். பெரியம்மாவின் மகள் தன் தகப்பனை அதே மாதிரியான ஒரு பெரிய இடத்தில்தான் வைத்திருக்கிறார். ஐயாவுக்கு மூக்கால் சாப்பாடு, சலம் போக ரியூப், நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின். இரவு இரண்டு மணிக்குச் சீனி இறங்கினால் பார்த்து உடனே குளுக்கோஸ் கொடுக்கத் தெரிந்த நேர்ஸ் அங்கே நிற்கிறார். சின்ன இல்லத்தில் அந்த உத்தரவாதம் கிடைப்பது கஷ்டம். ஐயாவின் உடம்பு கேட்பது அதைத்தான், அக்கா சரியாகவே தெரிந்தெடுத்திருக்கிறார்.

தரத்தை அளப்பது பற்றி 1966இல் டொனபீடியன் என்ற மருத்துவர் எழுதிய முறை இன்றும் பேசப்படுகிறது. இடமும் ஆட்களும், செய்கிற வேலை, அதனால் நோயாளிக்குக் கிடைத்த பலன் என்று மூன்றாகப் பிரித்தார். நாங்கள் போய்ப் பார்ப்பது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான்: ரைல்ஸ், ஏசி, வரவேற்பறைச் சோபா. அமெரிக்காவில் 2008 முதல் நேர்சிங் ஹோம்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். அங்கேயும் எத்தனை நேர்ஸ்மார் நிற்கிறார்கள் என்ற கணக்கை ஆரம்பத்தில் இல்லங்களே சொல்ல, அதை வைத்துத்தான் நட்சத்திரம் போட்டார்கள். 2018இலிருந்துதான் சம்பளப் பதிவேட்டை வைத்து அந்தப் புள்ளியைக் கணக்கிடுகிறார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அம்மாவின் புரட்டல் தாள் ஞாபகம் வந்தது. ஒரு நாள் பின்னேரம் இரண்டு மணிக்குப் பார்க்கிறேன், நாலு மணிக்குப் புரட்டியதாக ஏற்கெனவே கையொப்பம் இருக்கிறது.

அதனால் இப்போது தாளைப் பிறகு பார்க்கிறேன், முதலில் உடம்பைப் பார்க்கிறேன். போர்வையை விலக்கிக் குதிக்கால், பிட்டத்துக்கு மேலே எலும்பு முட்டும் இடம், இடுப்பின் இரு பக்கம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. எங்கள் மாநிறத் தோலில் சிவப்பு இலகுவாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கல் மாதிரி, அல்லது களி மாதிரி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நாக்கு காய்ந்து வெடித்திருந்தால் 1500 மில்லிலீற்றர் என்ற கணக்கைச் சந்தேகியுங்கள். கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவுகிறார்களா என்பது மணத்திலேயே தெரியும். நகம், காதுக்குப் பின்புறம், மார்புக்குக் கீழ் மடிப்பு: அவசரமாகக் குளிப்பாட்டுகிறவர்கள் விட்டுவிடுகிற இடங்கள் இவை. நிறையை மாதாமாதம் கேட்டு உங்கள் கொப்பியில் எழுதுங்கள். ஐம்பது கிலோ உள்ளவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால், அதாவது 5 சதவீதம், அதை வயதின் மேல் போடவே கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் போக விடாத இடத்தை நான் நம்புவதில்லை. விழுங்கக் கஷ்டப்படுகிறவரை நிமிர்த்தி இருத்தி, சின்னக் கரண்டியால், முந்திய வாய் இறங்கியதா என்று பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது சாய்க்கக்கூடாது. நின்றுகொண்டே மூன்று பேருக்கு மாறி மாறி ஊட்டுகிற இடத்தில் சாப்பாடு நெஞ்சுக்குள் போய் நியூமோனியா வர நாள் எடுக்காது.

சின்ன இல்லத்துக்கு வருகிறேன். கட்டடம் பழசு. குளியலறை வாசலில் ஒரு படி இருந்தது, நான் கேட்ட பிறகுதான் சரிவு போட்டார்கள். பிசியோதெரபிக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டும், அதற்குக் காசு வேறு. அந்த வீட்டு நேர்ஸ் அம்மா சிங்களவர். முதல் நாளே ஒரு கொப்பியை எடுத்து, "அம்மா தமிழில் என்ன சொன்னால் என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார். தண்ணி, நோகுது, குளிருது, வெளிக்கு, விறைக்குது. ஒவ்வொன்றையும் சிங்கள எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். பெரிய இடத்தில் நாலு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. இரவு மாத்திரையை டொக்டரிடம் காட்டிக் குறைத்து நிறுத்தினோம். இப்போது அம்மா காலை ஏழு மணிக்குக் கதிரையில் இருக்கிறார், கஞ்சி சூடில்லை என்று குறை சொல்கிறார்.

காசு விஷயம் சுருக்கமாகவே சொல்லலாம். மாதக் கட்டணம் என்று சொல்லும் தொகையை மட்டும் வைத்து மூன்றையும் ஒப்பிடாதீர்கள். பம்பர்ஸ், மருந்து, டொக்டர் வருகை, காற்று மெத்தை வாடகை, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும் ஆளின் கூலி, இவை உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள். முற்பணத்தை எந்த நிலையில் திருப்பித் தருவார்கள் என்பதும் அதே கடதாசியில் இருக்க வேண்டும். வீட்டோடு ஆள் வைப்பது மலிவு என்று தொடங்கி, இரவுக்கு இரண்டாவது ஆளும் தேவைப்பட்டதும் எங்களுக்கு நேர்சிங் ஹோம் கணக்கையே தாண்டியது.

அவசரம் வந்தால் என்ன செய்வார்கள் என்று மூன்று இடத்திலும் கேட்டேன். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், கூப்பிட எல்லாருக்கும் தெரியும். கூட ஏறிப் போவது யார், மருந்துப் பட்டியல் யார் கையில் என்பதற்குத்தான் பதில் தடுமாறியது. சின்ன இல்லத்தில் பட்டியல் கதவுக்குப் பின்னால் உறையில் தொங்குகிறது. ஆனால் இரவில் நிற்பது ஒரே ஒரு பிள்ளை. எட்டுப் பேருக்கு ஒருத்தி. அவள் அம்புலன்ஸில் ஏறினால் மற்ற ஏழு பேருக்கும் யார்?

நடமாட்டம் இருந்து மறதி மட்டும் உள்ளவருக்கும், ரியூப் இல்லாத அம்மா போன்றவருக்கும் நான் சின்ன இல்லத்தைத்தான் சொல்வேன். ரியூப், இன்சுலின், ஆறாத புண் என்றால் நேர்ஸ் இரவிலும் நிற்கிற பெரிய இடம். வீட்டில் மாறி மாறி இரவு விழிக்க இரண்டு பேராவது இருந்தால் மட்டும் வீட்டோடு ஆள்.

இரவுக்கு இன்னொருவரை எடுப்பதாக நேர்ஸ் அம்மா போன மாதம் சொன்னார். வருகிற வியாழன் இரவு பத்து மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார்க்கப் போகிறேன். மட்டக்குளியில் இன்னொரு வீடு இருப்பதாகவும், அங்கே இரவில் இரண்டு பேர் நிற்பதாகவும் அக்கா சொல்லியிருக்கிறார். அதன் விலாசத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன்.