தொலைபேசிப் பெட்டியா, குவெஸ்ட் 3எஸ்ஸா? மட்டக்களப்பு கல்லடி வெயிலில் ஒரு மெய்நிகர் கருவி ஒப்பீடு

முழங்கால் வலியால் அம்மா கதிர்காமப் பாதயாத்திரையை விட்டு ஆறு ஆண்டுகளாகின்றன. உகந்தை முருகன் கோயிலையும் குமண காட்டுப் பாதையையும் 360 பாகைக் காணொளியிலாவது காட்டவேண்டும் என்றுதான் தலையில் அணியும் மெய்நிகர் (VR) கருவி தேடத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது கைத்தொலைபேசியைச் செருகும் பெட்டி. கூகுள் 2014இல் அட்டையில் கொண்டுவந்த அதே முறைதான். விலை மலிவு, தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஆனால் ஓரடி முன்னே வைத்தால் அதற்குத் தெரியாது. காணொளி பார்க்க மட்டும் என்றால் இது குறையே அல்ல. மகள் இதயத்தின் முப்பரிமாண மாதிரியைச் சுற்றி நடந்து பார்க்க விரும்பியபோதுதான் பெட்டி போதாது என்று புரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் மெட்டா குவெஸ்ட் 3எஸ் கொண்டுவந்தார். 2024இல் வெளியான அதில் தொலைபேசியைச் செருகவும் வேண்டாம், கணினியோடு இணைக்கவும் வேண்டாம்; நடந்தால் அதையும் அறியும். எடை 514 கிராம். அம்மாவின் கழுத்துக்கு அதுவே பாரம்.

எங்கள் ஊரில் வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது முகத்தில் படும் பகுதியைத்தான். ஆடி மாதத்து வெப்பமான கச்சான் காற்றில் கால் மணி நேரம் அணிந்தாலே நெற்றியும் கன்னமும் நனைந்துவிடும். பெட்டியின் பஞ்சு அந்த வியர்வையைக் குடித்து, மாரியில் பூஞ்சணம் பிடித்தது. கழற்றிக் கழுவ வழியில்லை; உள்ளே தொலைபேசியும் கொதித்தது. குவெஸ்டின் முகப்பட்டை கழன்று வரும். அதோடு வந்த துணிப்பட்டையும் வியர்வையை உறிஞ்சத்தான் செய்கிறது. அதனால் மேலே சிலிக்கன் உறையைப் போட்டுவிட்டோம். அம்மா முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பிறகு மகளின் முறை. ஒரே கருவியை மூன்று பேர் அணியும் வீட்டில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வில்லைகள் மேலே பார்க்கும்படி சன்னலோரம் வைக்காதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல வெயில் குவிந்து திரையைச் சுட்டுவிடும். எங்கள் வீட்டில் அதற்கு அலமாரியின் இருட்டு மூலைதான் இடம்.

பற்றரி ஒரு தடவைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்குகிறது. நான் பாவிப்பது எட்டு மாதங்களாகத்தான். மூன்றாம் ஆண்டில் அது எப்படியிருக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. கண்ணாடி அணிபவர்கள் வாங்குமுன் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். இடைவெளி போதாவிட்டால் வில்லையில் கீறல் விழும்.

ஒரு தடவை பார்க்கும் ஆசைக்குப் பெட்டியே போதும். எங்கள் வீட்டில் குவெஸ்டுக்குத்தான் வேலை. உகந்தை வாசல் வந்ததும் அம்மா கைகூப்பினார். கழற்றியபோது உறையில் இருந்த ஈரம் வியர்வை மட்டுமல்ல.