ஸ்க்ரோல் சா வாங்கப் போகிறீர்களா? டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

ஸ்க்ரோல் சா என்பது, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி மரத்தை வளைவு நெளிவாக அறுக்கும் மேஜை மெஷின். கடையில் ஓட்டிக் காட்டியது ஒரு மெஷின், பெட்டியில் கட்டி அனுப்பியது இன்னொன்று. ரூ. 24,500 கொடுத்தேன். அதில் 5,000 எப்படியோ திரும்பி வந்தது, அந்தக் கதை கடைசியில். கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. நான் ஏமாந்த விதத்தைத்தான் எழுதுகிறேன்.

நான் தொழில்முறை ஆசாரி இல்லை. மதுரையில் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெயர்ப்பலகை, மர பொம்மை, ஜாலி (துளைப் பின்னல்) வேலை என்று செய்துகொண்டிருப்பவன். இத்தனை வருஷமும் கை ஃப்ரெட் சாவும் (மெல்லிய பிளேடு மாட்டிய கை ரம்பம்) ஒரு ஜிக்சாவும் (கையில் பிடித்து ஓட்டும் மின் ரம்பம்) மட்டும்தான். பெரியப்பா மகன் புது வீட்டுப் பூஜையறைக்குக் கதவுப் பலகை கேட்டபோதுதான் ஸ்க்ரோல் சா ஆசை வந்தது. தேக்கு, அரை இன்ச் கனம், 36 இன்ச் உயரம், 12 இன்ச் அகலம், இரண்டு பலகை. ஒவ்வொன்றிலும் கொடியும் மயிலுமாக அறுபதுக்கு மேல் உள்வெட்டு.

உள்வெட்டு என்றால் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு ஓட்டைக்கும் பிளேடின் மேல் முனையைக் கழற்றி, டிரில் போட்ட துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, இழுத்து டென்ஷன் வைத்து, அப்புறம்தான் அறுக்க முடியும். அறுபது ஓட்டை என்றால் அறுபது தடவை. அதனால் ஸ்க்ரோல் சாவில் மோட்டார் எத்தனை வாட் என்பதைவிட பிளேடைப் பிடிக்கும் இடம் எப்படி இருக்கிறது என்பதுதான் உயிர். இது எனக்கு வாங்கிய பிறகு தெரிந்தது.

பிளேடு இரண்டு வகை. நீளம் இரண்டிலும் 5 இன்ச்தான். ஒன்றில் இரு முனையிலும் குறுக்கே சின்னப் பின், அதாவது குட்டிக் கம்பித் துண்டு, இருக்கும், கொக்கியில் மாட்டினால் போதும். ஆனால் அந்தப் பின் நுழைய 5 மில்லிமீட்டருக்காவது துளை போட வேண்டும். மயில் கண்ணே 4 மில்லிமீட்டர்தான்! இன்னொன்று பின் இல்லாதது. 5ஆம் நம்பர் பிளேடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் துளையில் தாராளமாகப் போகும். நுணுக்க வேலைக்கு இதை விட்டால் வழியில்லை.

இதையெல்லாம் கேட்டுத்தான் போனேன். கடைக்காரர் சரளமாகச் சொன்னார்: "சார், 20 இன்ச் த்ரோட், பாரலல் ஆர்ம், இன்டக்‌ஷன் மோட்டார், ரெண்டு பிளேடும் போகும்." (த்ரோட் என்பது பிளேடிலிருந்து பின்னால் இருக்கும் தூண் வரை உள்ள இடைவெளி, ஆர்ம் என்பது பிளேடின் இரு முனையையும் பிடிக்கும் நீளக் கை.) மெஷினை ஓடவிட்டு மேஜைமேல் ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்திக் காட்டினார். காசு அசையாமல் நின்றது. நான் விழுந்துவிட்டேன்.

"இதையே பேக் பண்ணிக் கொடுங்க" என்றேன். "டெமோ பீஸ் எதுக்கு சார், கீறல் விழுந்திருக்கும். குடோன்ல புது பீஸ் இருக்கு, நாளைக்கே பார்சல்ல ஏத்தி விடுறோம்." முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். பில்லில் "ஸ்க்ரோல் சா - 1" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மாடல் நம்பர் இல்லை, அளவும் இல்லை.

பெட்டி வந்தது. அதே நிறம், அதே ஸ்டிக்கர். மறுநாள் பலகையை வைத்துத் திருப்பினேன், பின்னால் இருக்கும் தூணில் இடித்தது. டேப் வைத்துப் பார்த்தால் பிளேடிலிருந்து தூண் வரை 406 மில்லிமீட்டர், சரியாக 16 இன்ச். த்ரோட் என்பது இந்த அளவுதான். 36க்கு 12 பலகையின் நடுப்புள்ளியிலிருந்து மூலைக்கு ஏறத்தாழ 19 இன்ச். 20 இருந்தால் நடு மயிலை அறுக்கும்போது முழுச் சுற்றுத் திரும்பும், 16இல் திரும்பவே திரும்பாது. போன் போட்டால், "20 இன்ச்சுங்கிறது ஆர்ம் மொத்த நீளம் சார், எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார். அப்படியில்லை.

மோட்டாரின் இரு பக்கமும் கறுப்பு மூடி இரண்டு இருந்தன. திருகினால் உள்ளே கார்பன் பிரஷ், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு. இன்டக்‌ஷன் மோட்டாரில் கார்பன் பிரஷ் எங்கிருந்து வரும்?

பின் இல்லாத பிளேடுக்கு அடாப்டர் ஒன்று தனியாகப் பாலித்தீன் பையில் வந்தது. மேலும் கீழும் குட்டி இரும்புக் கட்டை, அதில் ஆலன் ஸ்க்ரூ. இறுக்கினேன், டென்ஷன் வைத்தேன், பிளேடு உருவிக்கொண்டு வந்தது. இன்னும் இறுக்கினேன், ஒரே வாரத்தில் மரை தேய்ந்தது. எங்கள் தெரு ஆசாரி ஐயா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கத்தியைப் பிடிக்கத் தெரியாத மெஷினு மரத்தை எங்கிட்டு அறுக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். கடைசியில் லேத் பட்டறையில் 600 ரூபாய் கொடுத்து அந்தக் கட்டைகளைப் புதிதாகச் செய்துகொண்டேன். இந்த மெஷினில் இன்றைக்கு ஒழுங்காக இருக்கும் ஒரே பாகம் அதுதான்.

காசுப் பரிசோதனையையும் வீட்டில் செய்தேன். காசு மேஜையை விட்டே குதித்து ஓடியது. நாலு போல்ட் போட்டுக் கனமான மேஜையில் முடுக்கிய பிறகு அதிர்வு பாதியாகக் குறைந்தது. கடையில் இருந்தது பாரலல் லிங்க் வகையாக இருந்திருக்க வேண்டும். அதில் நீளக் கைகள் ஆடாது, முன்னால் இருக்கும் சின்னத் துண்டுகள் மட்டும் ஆடும், அதிர்வும் குறைவு. எனக்கு வந்ததில் இரண்டு கையும் முழுசாக மேலும் கீழும் ஆடுகிறது. நின்றிருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கவரைக் கழற்றிப் பார்த்தால் ஒழிய.

மூன்றாவது வாரம் வேகம் மாற்றும் போர்டு போயிற்று. சர்வீசுக்கு எடுத்துப் போய் 52 நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த மெஷின் ஓடியது, ஆனால் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வேகம். போர்டை விட்டுவிட்டு நேர் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார்கள். முழு வேகத்தில் தேக்கு கருகுகிறது, அக்ரிலிக் உருகி வெட்டின வெட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. வாரண்டி கார்டை எடுத்துக் காட்டினேன். "இதுல எங்க சீல் இல்லையே சார்" என்றார்கள். சீல் வைக்காமல் கொடுத்ததே அவர்கள்தான்.

அப்புறம்தான் 1915க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், புகாரைத் தமிழிலேயே சொல்லலாம். புகார் கடைக்குப் போன பிறகு அவர்கள் குரலே மாறியது. "சார், பேசித் தீத்துக்கலாமே." மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் என் கையில் இருந்தது "ஸ்க்ரோல் சா - 1" என்ற பில். 20 இன்ச் என்று அவர்கள் சொன்னதற்கு என் காதைத் தவிர சாட்சி இல்லை. 5,000 வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.

இன்றைக்கு வாங்கப் போனால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்வேன். பிளேடிலிருந்து தூண் வரை டேப் வைப்பேன். பின் இல்லாத பிளேடு ஒன்றைப் பையில் கொண்டுபோய் நானே மாட்டுவேன், ஐந்து தடவை கழற்றி மாட்டுவேன், அவர்கள் முகம் சுளித்தாலும். ஒரு கனத்த மரத்துண்டில் சிறிது தூரம் வெட்டி, அதே வெட்டைப் பிளேடின் பின்பக்கமாக நுழைத்துப் பார்ப்பேன். தடங்கல் இல்லாமல் நுழைந்தால் பிளேடு மேஜைக்கு நேராக நிற்கிறது, சிக்கினால் சாய்ந்திருக்கிறது. மூலைமட்டம் இதற்கு அவ்வளவு துல்லியம் போதாது. மாடல் நம்பர், சீரியல் நம்பர், த்ரோட் அளவு மூன்றும் பில்லில் ஏறின பிறகுதான் பணம்.

கதவுப் பலகை இரண்டும் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஓரத்துக் கொடிகள் முடிந்துவிட்டன, நடு மயில்கள் பென்சில் கோடாகவே இருக்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் ஒரு மாதம். மதுரைப் பக்கம் நிஜமான 20 இன்ச் மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் அறுக்க விடுவீர்களா? பிளேடு என்னுடையது, மதியச் சாப்பாடும் என் செலவு.